அத்தானின் காரும் அம்மாவின் காலும்

என் அக்காவின் கணவர் ஊருக்குச் சேவை செய்வதற்கென்றே பிறந்தவர். இதை நான் சொல்லவில்லை, அவரே சொன்னார். வாரத்தில் ஒரு தடவையாவது சொல்லாமல் விடமாட்டார். சொல்லும்போது காரின் ஏறுபடியில் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொள்வார். கார் இல்லாத இடத்தில் அவருக்குப் பேச்சு சரியாக வராது.

எங்கள் ஊர் பெரியகல்லாற்றுக்கும் பட்டணமான புளியந்தீவுக்கும் நடுவில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாகக் கிடந்தது. இரண்டாம் உலகச் சண்டைக்கு முந்திய காலம். ஊருக்கு ஒரு பாடசாலை, அதற்கு அத்தான் தலைமை வாத்தியார். ஊருக்கு ஒரு கார், அதுவும் அத்தானுடையது. இரண்டில் எதன் மேல் அவருக்குப் பாசம் கூட என்று யாராவது கேட்டால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். பாடசாலைக் கூரை மாரி முழுக்க ஒழுகியது. கார் நின்ற கொட்டிலுக்கு மட்டும் வருடம் தவறாமல் புதுத் தென்னங்கிடுகு வேய்ந்தார்.

தெற்கே எங்கேயோ தென்னந்தோட்டம் வைத்திருந்த ஒரு துரை சீமைக்குத் திரும்பும்போது கைவிட்டுப் போன கார் அது. துணிக் கூரை, மரச் சட்டம். முன்னால் ஹாண்டிலைப் போட்டுச் சுழற்றினால் சில நாள் உறுமும், சில நாள் இருமும், பல நாள் பேசாமல் நிற்கும். வேலி அடைத்த எங்கள் வீட்டு வளவில் பசு நின்ற கொட்டிலில்தான் அதைக் கொண்டுவந்து நிறுத்தினார். பசு வேலியோரம் போனது. பால் தருவது மழையில் நனைய, புகை விடுவது உள்ளே சுகமாக இருந்தது. அக்கா ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் அன்று ஒரு சொற்பொழிவு கேட்டிருப்போம்.

எங்கள் பக்கத்தில் வீடு வளவெல்லாம் பெண்ணுக்குத்தான். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். மூத்தவளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, அம்மாவும் நானும் அதே வளவின் பின்பக்கம் ஒரு சின்ன மண் வீட்டுக்கு ஒதுங்கினோம். அப்பா எனக்கு நினைவு தெரியுமுன்பே போய்விட்டார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலி. அந்த வேலி இல்லாவிட்டாலும் அது அங்கே இருந்திருக்கும், ஏனென்றால் மாமி மருமகனின் முன்னால் வரக்கூடாது, பேசக்கூடாது. எங்கள் அம்மா இந்த விஷயத்தில் மகா கெட்டிக்காரி. அக்காவுக்குக் கலியாணமாகி ஆறு வருடத்தில் அத்தான் அம்மாவின் சேலைத் தலைப்பைத்தான் பார்த்திருப்பார், முகத்தைப் பார்த்திருக்கமாட்டார்.

பேச வேண்டி வந்தால் நடுவில் நான். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, மகளையும் 'மனே' என்று கூப்பிடும் எங்கள் ஊர் வழக்கப்படி அம்மா சொல்வார்: "மருமகனுக்கு மீன் கறி குடுத்துவிடட்டா எண்டு கேள் மனே." மூன்று முழம் தள்ளி நிற்கும் அத்தானுக்கு அது கணீரென்று கேட்கும். ஆனாலும் நான் ஒரு தடவை திருப்பிச் சொல்லும்வரை கேட்காதவர் போல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு, "வேணாம் எண்டு சொல்லு" என்பார். அம்மாவுக்கும் அது கேட்டுவிடும். ஆனாலும் நான் திரும்பி, "வேணாமாம்" என்று சொல்ல வேண்டும். இப்படி ஆறு வருடம் கிளிப்பிள்ளை வேலை பார்த்தேன்.

பாடசாலையில் பாலர் வகுப்புக்கு நான் வாத்திச்சி. அந்த வேலையை வாங்கித் தந்ததும் அத்தான்தான். அதுவும் சேவைக் கணக்கில் சேர்ந்தது.

காலையில் தேவாரம் முடிந்ததும் அத்தான் பிள்ளைகளைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார்: "இண்டைக்கு ஆர்ர வீட்ட சுகமில்ல?" சட்டைப் பையிலிருந்து பெயர் எழுதும் ஒரு கறுத்தக் கொப்பி வெளியே வரும். எந்தப் பிள்ளையாவது கையை உயர்த்தினால் மத்தியானம் அந்த வீட்டு வாசலில் கார் நிற்கும். நோயாளியை ஏற்றிப் புளியந்தீவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் அவருக்குச் சோறு இறங்காது.

தொடக்கத்தில் ஊர் மகிழ்ந்தது. பிறகு பயப்படத் தொடங்கியது. சுருட்டுப் பிடித்து இருமிய ஒரு கிழவரை, அவர் வேண்டாம் வேண்டாம் என்று கும்பிடக் கும்பிட, தூக்கி ஏற்றிக்கொண்டு போனார். டொக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டுச் சுருட்டைக் குறையுங்கள் என்று சொல்லி அனுப்பினார். திரும்பும் வழியில் காத்தான்குடியில் கார் படுத்துவிட்டது. அத்தான் காருக்குக் கீழே படுத்தார். கிழவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, சால்வையைத் தலையில் கட்டிக்கொண்டு ஊருக்கு நடந்தார். நோய் வருத்தம் ஒன்றும் இல்லாத மனிதர், மறுநாள் கால் வீங்கிக் காய்ச்சலில் கிடந்தார். கிழவரின் மகள் பிள்ளைகளைக் கூப்பிட்டு, "வாத்தியார் கேட்டா அப்புச்சி விறகு கொத்துறார் எண்டு சொல்லுங்க" என்று பாடம் பண்ணிவிட்டாள்.

இன்னொரு நாள் பிள்ளைவலி கண்ட ஒருத்தி. மருத்துவிச்சி வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அத்தான் விடவில்லை. பாதி வழியில் சில்லுக் காற்றுப் போய், அத்தான் பம்பு அடித்துக்கொண்டிருக்க, பின்னால் கூட வந்த மருத்துவிச்சி பூவரச மரத்தின் கீழே சேலையைப் பிடித்து மறைத்துப் பிள்ளையை எடுத்தாள். அந்தப் பிள்ளையைப் பற்றி அத்தான் கூட்டங்களில் பேசியதைக் கேட்டிருந்தால், அவர்தான் பெற்றார் என்று நினைப்பீர்கள்.

வேண்டாம் என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. தலைமை வாத்தியார், படித்தவர், வீடு தேடி வந்து உதவி செய்கிறார். மறுத்தால் முகத்தில் அறைந்தது போலாகிவிடும். எங்கள் ஊராருக்கு அது வராது. அதனால் எல்லோரும் சேர்ந்து சுகமாகிவிட்டார்கள். காய்ச்சல்காரர்கள் கார்ச் சத்தம் கேட்டால் எழுந்து முற்றம் கூட்டினார்கள். யாராவது மாட்டு வண்டியில் நோயாளியை ஏற்றி நைசாகப் போகப் பார்த்தால், பாடசாலை வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். அத்தான் வண்டியை மறித்து ஆளைக் காருக்கு மாற்றிவிடுவார். தோணி ஒன்றுதான் தப்பும் வழி. வாவிக்கரைக்குப் போய்ச் சத்தம் போடாமல் தோணி ஏறினால் காற்று பிடித்துப் புளியந்தீவுக்குப் போய் இறங்கலாம். காலையில் அத்தானின் கேள்விக்கு ஒரு கையும் உயராத நாட்கள் வந்தன. "பாத்தீங்களா, நம்மட ஊரில நோயே இல்லாமப் போயிற்று" என்று ஆசிரியர் அறையில் மார்பை நிமிர்த்தினார். நான் சிரித்துவிடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

சிரிப்பை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுவருவேன். நாலு மணிக்குப் பாடசாலை விட்டு வந்ததும், அம்மா உரலைக் கவிழ்த்து வைத்திருப்பார். அதுதான் காரின் ஆசனம். அரிசி புடைக்கும் சுளகு ஸ்டியரிங். அத்தான் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்ப்பது, ஹாண்டிலைச் சுழற்றிவிட்டு விரலை உதறுவது, கிழவர் கும்பிடுவது, பிள்ளைவலிக்காரி "ஐயா, இறக்கி விடுங்க" என்று அழுவது, எல்லாம் நான் ஒருத்தியே ஆடிக்காட்டுவேன். வேலிக்கு அந்தப் பக்கம் கேட்டுவிடும் என்று அம்மா வாயில் சேலையைத் திணித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். பக்கத்து வளவுப் பெண்களும் வருவார்கள். எனக்கு நல்ல நாக்கு இருந்தது. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

அந்த வருடம் வாவிக்கு அக்கரையில் மண்டூர்க் கோயில் திருவிழா தொடங்கி நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, அம்மா வாவிக் கரைச் சேற்றில் இறால் தடவப் போனவர் நொண்டிக்கொண்டு வந்தார். கெளுத்தி முள் உள்ளங்காலில் ஆழமாக ஏறிவிட்டது. முள்ளை நான்தான் இழுத்தேன். சுண்ணாம்பும் மஞ்சளும் வைத்துக் கட்டினோம். இரண்டாம் நாள் பாதம் வீங்கியது. மூன்றாம் நாள் கணுக்கால் தெரியவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போவம்மா" என்றேன்.

"போவம். தீர்த்தம் முடிஞ்சு தோணி எல்லாம் திரும்பி வரட்டும்."

ஊர்த் தோணிகள் முழுக்க மண்டூருக்கு ஆட்களை ஏற்றிப் போய் அங்கேயே கிடந்தன. திருவிழாவின் கடைசி நாளான தீர்த்தத்துக்கு இன்னும் எத்தனையோ நாள் இருந்தது.

"அத்தானிட்டச் சொல்லட்டா?"

அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. கோபம் இல்லை. பாதிச் சிரிப்பு, பாதிக் கெஞ்சல். "மருமகனுக்குப் பக்கத்தில நான் காருல குந்திப் போறதா? வழி முழுக்கச் சனம் பாக்கும். அது போகட்டும். அதுக்கு மறுகா நீ சும்மா இருப்பியா? நாலு மணிக்குச் சுளகைத் தூக்கிப்போட்டு என்னை ஆடிக்காட்டுவாய். கிழவர் கும்பிட்டதக் கண்டு நான் சிரிச்ச சிரிப்பு எனக்குத்தானே தெரியும். வேணாம் மனே. சத்தியம் பண்ணு."

நான் ஆடமாட்டேன் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. என்னைத் தெரிந்த யார்தான் நம்புவார்கள்? அத்தானிடம் சொல்லமாட்டேன் என்று கையில் அடித்துச் சத்தியம் பண்ணிக்கொடுத்தேன்.

அக்கா பிள்ளை பெற்று அறைக்குள் கிடந்தாள், வெளியே வரும் காலம் இல்லை. அவளுக்குச் சின்ன முள் என்று சொல்லிவைத்தோம். அத்தானுக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிய வழியும் இல்லை. ஆறு வருடமாகக் கண்ணில் படாத மாமி இன்னும் ஒரு கிழமை கண்ணில் படாவிட்டால் யாருக்கு வித்தியாசம் தெரியும்? திருவிழாவுக்குக்கூடப் பாடசாலையை மூட மறுத்துவிட்டு, மிஞ்சி இருந்த பாதிப் பிள்ளைகளிடம் தினமும், "ஆர்ர வீட்ட சுகமில்ல?" என்று கேட்டார். நான் பாலர் வகுப்பு வரிசைக்குப் பின்னால் நின்று அந்தக் கேள்வியைக் காதில் வாங்கிக்கொண்டேன். அவருடைய கண் என்னையும் தாண்டித்தான் போனது. வாத்திச்சிகளிடம் அவர் அதைக் கேட்பதில்லை.

காரின் பின்பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் பஞ்சு, காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை, புண்ணுக்குப் போட ஒரு போத்தல் அயடின். ஊருக்கான மருந்து. ஐந்தாம் நாள் நான் அந்த அயடினில் பாதியை ஒரு சிரட்டையில் ஊற்றிக்கொண்டு வந்தேன். மறுநாள் காலை தேவாரம் முடிந்ததும் அத்தான் போத்தலை உயரத் தூக்கிக் காட்டினார். பொதுச் சொத்தைத் திருடுகிறவன் ஊரின் இரத்தத்தைக் குடிக்கிறவன் என்று முக்கால் மணித்தியாலம் பேசினார். பிள்ளைகளின் விரல்களை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தார். என் விரல் அயடின் பட்டு மஞ்சளாக இருந்தது. நான் கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு நின்றேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். எனக்கு வந்ததோ ஆத்திரம்தான். இந்த மனிசனுக்கு, தன் வளவுக்குள்ளே ஒரு பெண் அழுகிக்கொண்டிருப்பது தெரியவில்லை, போத்தலில் குறைந்த மருந்து தெரிகிறதே என்று மனதுக்குள் திட்டினேன். திட்டிவிட்டுப் பேசாமல் வகுப்புக்குப் போனேன்.

ஒன்பதாம் நாள் காலை அம்மா என்னைத் தன் தங்கச்சியின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அந்தச் சித்தி செத்துப் பல வருடம். காலில் சிவப்புக் கோடு முழங்கால் தாண்டி ஏறியிருந்தது. மணம் தாங்க முடியவில்லை. நான் தலைமயிர் அவிழ்ந்து விழ ஓடினேன். அத்தான் பாடசாலை மாமரத்தின் கீழே, ஐந்தாம் வகுப்பைச் சுற்றி நிற்கவைத்து, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது எப்படி என்று படிப்பித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா சாகப் போறா" என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. கிடுகு வேலி வந்ததும் நின்றுவிட்டார். மூச்சு வாங்க, என்னைப் பார்த்துச் சொன்னார்: "மாமிட்டக் கேள், நான் உள்ளுக்கு வரட்டா எண்டு."

எனக்கு எங்கிருந்து வந்ததோ அவ்வளவு சத்தம். "ஆரிட்டக் கேக்கச் சொல்றீங்க? அவவுக்கு நினைவு இல்ல. வாங்க!"

வந்தார். குனிந்து அம்மாவைத் தூக்கி, பாடசாலை மாமரத்தின் கீழே நின்ற காருக்குக் கொண்டு ஓடினார். நினைவு தப்பிக் கிடந்த அம்மாவின் கை, அந்த நிலையிலும் தடவித் தடவிச் சேலைத் தலைப்பைப் பிடித்து முகத்தை மூடியது.

அந்தப் பாழாய்ப்போன கார் அன்றைக்கு ஒரே சுழற்றில் உறுமியது. நம்பமாட்டீர்கள். இருமவில்லை, முனகவில்லை, சில்லுக் காற்றுப் போகவில்லை. காத்தான்குடி வந்தபோது கடை வாசலில் இருந்த நாலைந்து பேர் எங்களைக் கண்டதும் பழக்கத்தில் எழுந்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளுவதற்குத் தயாராகத் தெருவில் இறங்கினார்கள். நாங்கள் அவர்களைத் தாண்டிப் போனோம். அவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றதைத் திரும்பிப் பார்த்தேன். வேறொரு நாள் என்றால் எனக்கு ஒரு மாதத்துக்குச் சிரிக்க அது போதும். கல்லடிப் பாலத்தைக் கடந்து புளியந்தீவுக்குள் நுழையும்வரை கார் எங்கும் நிற்கவில்லை. எனக்கு அதன் மேல் வெறுப்பாக இருந்தது. வழியில் எங்காவது நின்று தொலைத்திருந்தால், பழியை அதன் தலையில் போட்டுவிட்டு நான் நிம்மதியாக அழுதிருப்பேன். ஒன்பது இரவும் அது எங்கள் கொட்டிலில், எங்கள் வாசலுக்கு நேரே நின்றது.

டொக்டருக்கு அத்தானை நன்றாகத் தெரியும். எத்தனை இருமல்காரரைக் கண்டிருப்பார். கட்டை அவிழ்த்துப் பார்த்தவர் முகம் மாறியது. "மாஸ்ரர், உங்கட காரில இண்டைக்குத்தான் உண்மையான வருத்தக்காரி ஒராள் வந்திருக்கா. எத்தனை நாள் இது?"

அத்தான் என் பக்கம் திரும்பினார்.

"ஒன்பது நாள்" என்றேன்.

"அஞ்சு நாளைக்கு முந்திக் கொண்டு வந்திருந்தாக் கால் மிஞ்சியிருக்கும்" என்றார் டொக்டர். உயிரைக் காப்பாற்றப் பார்க்கிறேன் என்றார். காப்பாற்றினார். முழங்காலுக்குக் கீழே வெட்டினார்கள்.

அத்தான் அன்றும் மறுநாளும் ஆஸ்பத்திரி விறாந்தையை விட்டு நகரவில்லை. சாப்பிடவில்லை. சேவையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அந்த மௌனம் பிடிக்கவில்லை. பேசினால் திட்டலாம், பேசாத மனிசனை என்ன செய்வது? ஒரு தடவை மட்டும், "ஒரே வளவு" என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்கே சொன்னாரா தெரியாது.

மூன்றாம் நாள் அம்மாவுக்கு நல்ல நினைவு வந்தது. கட்டிலைச் சுற்றிச் சீலை மறைப்பு. நான் உள்ளே, அம்மாவின் தலைமாட்டில். அத்தான் மறைப்புக்கு வெளியே வந்து நின்றார். செருப்பில்லாத பாதங்கள் சீலைக்குக் கீழே தெரிந்தன.

"மாமிட்டக் கேள்" என்றார். "ஏன் எனக்குச் சொல்லல்ல எண்டு கேள்."

நான் திருப்பிச் சொல்லவில்லை. அவர் கேட்டது அம்மாவின் காதில் விழுந்துவிட்டது. காரணம் என்னவென்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். அம்மா என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தார். என் முகம் என்ன பாடுபட்டதோ, நான் அறியேன். அம்மா கையை நீட்டி, கறை இன்னும் போகாத என் மஞ்சள் விரல்களைப் பிடித்துக்கொண்டார்.

"அவர் கேக்கல்ல எண்டு சொல்லு" என்றார். "கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன் எண்டு சொல்லு."

சீலைக்குக் கீழே தெரிந்த பாதங்கள் அசையவில்லை. நான் சொல்லும்வரை காத்துக்கொண்டு நின்றார். நான் சொன்னேன். அம்மா சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் அப்படியே சொன்னேன்.

அதற்குப் பிறகு அம்மா பன்னிரண்டு வருடம் இருந்தார். அத்தான் ஒரு நாள் தவறாமல், காலையில் பாடசாலைக்குப் போகுமுன் கிடுகு வேலியோரம் வந்து நிற்பார். "மாமிக்குச் சுகமா எண்டு கேள்" என்பார். நான் கேட்பேன். சுகமாம் என்று சொல்வேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு போவார். மாமியின் காலைத் தின்றது தன்னுடைய அலட்சியம்தான் என்று நம்பியபடியே அந்த மனிசனும் போய்ச் சேர்ந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் அவர் நின்ற அத்தனை காலையிலும், இல்லை அத்தான், அது என் நாக்கு என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதுமாயிருந்தது. நான் சொல்லவில்லை.